அண்மைப் புள்ளியைத் தேடும் கணக்கு



பனாக் வெளிகளில் நேரியலல்லாச் சார்புகளின் நிலைப்புள்ளிகளை மீள்வீழல் முறையால் கண்டடைதல் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இது இலக்கிய மன்றத்து அழைப்பிதழ்தானா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. இந்த மேடை இலக்கியத்துக்கும் இலக்கணத்துக்கும் பழக்கப்பட்டது. ஆனால் ஒரு மொழி தன் பிள்ளைகளுக்கு எதுவரை துணை வரும் என்பதும் மொழி மன்றத்தின் கவலைதான். நம் நாட்டில் கணிதத் தமிழ், தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தமிழ் செல்லுமா, செல்லாதா என்று வாதிடுவதைவிட, கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பதே மேல் என்று கருதினோம்.

கடினமான தலைப்பை வேண்டுமென்றேதான் தேர்ந்தோம். எளிய ஒன்றை எடுத்துக் கொண்டு தமிழால் முடியும் என்று காட்டுவதில் என்ன பயன்?

கரும்பலகை இங்கே இருக்கிறது. நமது ஊர்க் கடையிலிருந்தே தொடங்குவோம்.

பீடோரின் சாலையோரக் கடையில் ஒரு கிலோ கொய்யாவும் ஒரு கட்டுப் பெத்தாயும் சேர்ந்து 10 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொய்யாவும் இரண்டு கட்டுப் பெத்தாயும் 14 வெள்ளி. விலை தனித்தனியே என்ன? பள்ளிப் பிள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பெத்தாய் 4 வெள்ளி, கொய்யா 6 வெள்ளி என்று நொடியில் சொல்லிவிடும். அந்த வழியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். வேறொரு வழி உண்டு.

கிடையாகக் கொய்யாவின் விலையையும் நெடுக்காகப் பெத்தாயின் விலையையும் குறித்து ஒரு கட்டத்தாள் வரைவோம். முதற் செய்தி ஒரு நேர்கோடு. இரண்டாம் செய்தி மற்றொரு நேர்கோடு. விடை, இரண்டும் வெட்டும் இடம். அந்த இடம் நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, ஒரு கோட்டுக்கு மிக அண்மையான வழி எது என்று மட்டும் நமக்குத் தெரியும். செங்குத்தாகச் சென்று கோட்டை மிதிக்க வேண்டியதுதான். மிதிக்கும் அந்த இடத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'வீழல்' என்கின்றன.

இரு விலையும் சுழியம் என்ற மூலையிலிருந்து புறப்படுவோம். முதற் கோட்டில் விழுந்தால் கொய்யா 5, பெத்தாய் 5. கூட்டினால் 10 சரி. இரண்டாம் செய்திக்கு இது பொருந்தாது. ஆகவே அங்கிருந்து இரண்டாம் கோட்டில் விழுவோம். கொய்யா 4.80, பெத்தாய் 4.60. இப்போது 14 சரியாயிற்று, 10 கெட்டது. மறுபடியும் முதற் கோடு: 5.10, 4.90. அடுத்த சுற்றில் 5.19, 4.81. அதற்கடுத்து 5.271, 4.729. விடையாகிய 6-க்கும் நமக்கும் உள்ள இடைவெளி முதலில் 1 வெள்ளி, பிறகு 0.9, பிறகு 0.81, பிறகு 0.729. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இடைவெளி ஒரு காசுக்கும் கீழே வர 44 சுற்றுகள் வேண்டும்.

கழித்தலால் நொடியில் வருவதற்கு 44 சுற்றா என்று நீங்கள் நகைக்கலாம். தாமதத்துக்குக் காரணம் கோடுகள் நெருக்கமாகச் சாய்ந்திருப்பது. இவ்விரு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் 18 பாகைக்குச் சற்றே கூடுதல். கடைக்காரர் இரண்டாம் செய்தியாக, "கொய்யா பெத்தாயைவிட 2 வெள்ளி கூடுதல்" என்று சொல்லியிருந்தால் கோடுகள் செங்கோணத்தில் வெட்டும். 5, 5 என்ற இடத்திலிருந்து அடுத்த அடியிலேயே 6, 4 என்ற விடையில் நிற்போம். இரு செய்திகளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும்போது தேடல் நீள்கிறது. வெவ்வேறு பக்கத்திலிருந்து பேசும்போது முடிந்துவிடுகிறது.

இந்த முறையை 1937-இல் மூன்றே பக்கக் கட்டுரையாக எழுதியவர் ஸ்தெஃபான் கச்மாஷ் என்ற போலந்துக் கணித அறிஞர். அவர் பணியாற்றிய லுவோவ் நகரம் அன்று போலந்தில் இருந்தது. இன்று லிவிவ் என்ற பெயரோடு உக்ரைனில் இருக்கிறது. கட்டுரையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1939-இல் போர் மூண்ட நாள்களிலேயே கச்மாஷ் மறைந்தார். தம் மூன்று பக்கங்கள் எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் அறியவே இல்லை.

அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஈப்போ மருத்துவமனையில் காணலாம். தலைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்க நோயாளியை ஒரு வளையத்துக்குள் படுக்க வைக்கிறார்கள். ஊடுகதிர் பல திசைகளிலிருந்து பாய்கிறது. ஒவ்வொரு கதிரும், தான் கடந்து வந்த வழியில் மொத்தம் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். எந்த இடத்தில் எவ்வளவு என்று சொல்லாது. கொய்யாவும் பெத்தாயும் சேர்ந்து 10 வெள்ளி என்பது போன்ற செய்தி அது. 1971 அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக இவ்வாறு படம்பிடித்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில், ஒரு படத்துக்கு 28,800 அளவீடுகள். படமோ பக்கத்துக்கு 80 கட்டங்கள், மொத்தம் 6,400 கட்டங்கள். அதாவது 6,400 பொருள்களின் விலையை 28,800 சீட்டுகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

கழித்துக் கழித்துத் தீர்ப்பது இங்கே உதவாது. எண்ணிக்கை பெரிது என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, அளவீடுகளில் சிறு பிழைகள் உண்டு. 28,800 சீட்டுகள் தமக்குள் முழுமையாக ஒத்துப்போகமாட்டா. கழித்தல் முறை அத்தகைய கணக்கில் முரண்பாட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வீழல் முறையோ ஒரு நேரத்தில் ஒரு சீட்டை மட்டும் பார்க்கும். அதற்குத் தக்கபடி சிறிது நகரும். அடுத்த சீட்டுக்குப் போகும். எல்லாச் சீட்டுகளுக்கும் ஏறக்குறைய இசைவான இடத்தைச் சுற்றியே நடமாடிக் கொண்டிருக்கும். 1970-இல் கார்டன், பெண்டர், ஹெர்மன் என்ற மூவர் கச்மாஷின் முறையைத் தாமே மறுபடி கண்டறிந்து படமாக்கத்துக்குப் பயன்படுத்தினர். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதற் கருவியும் இந்த இனத்து முறையைத்தான் கையாண்டது. அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையை 1952 முதல் கட்டி வளர்த்த ஜி. என். இராமச்சந்திரனைப் பெரும்பாலோர் புரத ஆய்வாளராகவே அறிவர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-இல் சென்னையிலிருந்து எழுதியவர் அவர். பிற்காலத்தில் பெங்களூருக்குச் சென்ற அவர், ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971-இல் வேறொரு கட்டுரை வெளியிட்டார். ஊடுகதிர்ப் பதிவுகளிலிருந்து உருவத்தை மீட்க, சுற்றுச் சுற்றாகத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவையும் முதலில் ஒரு குறிப்பிட்ட விதத்தில் கூர்மையாக்கி, வந்த வழியே திரும்பப் பரப்பிக் கூட்டினால் போதும் என்று காட்டியது அக்கட்டுரை. விரைவான, நேரடியான வழி. அதன் இனத்து முறைகளே பல்லாண்டுக் காலம் மருத்துவக் கருவிகளில் ஆட்சி செய்தன. கச்மாஷின் முறை ஒதுங்கிக்கொண்டது.

ஒதுங்கியது ஒழியவில்லை. ஏறத்தாழ 2009 முதல் மீள்செயல் முறைகள் மருத்துவமனைக் கருவிகளுக்குத் திரும்பி வந்தன. நோயாளியின் மீது பாயும் கதிர்வீச்சைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயமே காரணம். கதிர் குறைந்தால் பதிவுகளில் இரைச்சல் கூடும். நேரடி முறை அந்த இரைச்சலையும் உருவமாகவே வரைந்துவிடும். மீள்செயல் முறையில் நமக்கு முன்பே தெரிந்த செய்திகளையும் கணக்கில் சேர்க்கலாம். உடலின் எந்த இடத்திலும் அடர்த்தி சுழியத்துக்குக் கீழே போகாது என்பது அத்தகைய செய்தி. அது ஒரு சமன்பாடு அன்று, ஒரு பரப்பு. அந்தப் பரப்பின் மீதும் வீழலாம்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஊடுகதிர் பதிக்கும் நிழலுக்கும், கோட்டில் நாம் மிதித்த அடிக்கும் ஒரே சொல்தான். மலாய் மொழியின் 'உன்ஜுரான்' என்ற சொல்லும் இரண்டுக்கும் பொது. இத்துறையின் நூல்களைப் படிக்கும் மாணவர் முதல் வாரத்திலேயே இதில் இடறுவர்: ஒரே பக்கத்தில் நிழலாகவும் அடியாகவும் அச்சொல் மாறி மாறி வரும். இலங்கைப் புவியியல் நூல்கள் நிலவுருண்டையைத் தாளில் இறக்குவதைப் 'படவெறியம்' என்கின்றன. நம்மிடம் எறியம் இருக்கிறது, வீழல் இருக்கிறது, நிழல் இருக்கிறது. ஊடுகதிர்ப் பதிவுக்கு 'நிழற்பதிவு' என்றும் அண்மைப் புள்ளிக்கு 'வீழல்' என்றும் பிரித்துக்கொண்டால், ஆங்கில மாணவர் இடறும் கல்லில் தமிழ் மாணவர் இடறமாட்டார். தமிழில் சொல் இல்லை என்று நாம் கைபிசைகிறோம். இந்த இடத்தில் தமிழிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. தேர்ந்து நிறுத்துவார்தான் இல்லை.

இனிக் கோட்டைவிட்டுப் பரப்புக்கு வருவோம். ஒரு பரப்பினுள் எந்த இரு புள்ளிகளுக்கு இடையே நூல் கட்டினாலும் நூல் வெளியே போகாது என்றால், அதனைக் 'குவிவுக் கணம்' என்போம். வட்டத் திடல் குவிவானது, பிறைநிலா குவிவானதன்று. திடலுக்கு வெளியே நிற்பவருக்குத் திடலின் ஓரத்தில் ஒரே ஒரு அண்மைப் புள்ளி உண்டு. திடலுக்குள் நிற்பவருக்கு அவர் நிற்கும் இடமே அண்மைப் புள்ளி. அவர் அசைய வேண்டியதில்லை. இவ்வாறு அசையாமல் நிற்கும் இடத்தைத்தான் 'நிலைப்புள்ளி' என்கிறோம். இந்தச் சார்பு நேரியல் அன்று என்பதையும் கவனிக்கலாம். நடுவிலிருந்து நீங்கள் நிற்கும் தொலைவை இரட்டித்தால் உங்கள் வீழலின் தொலைவும் இரட்டிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓரத்துக்கு வந்ததும் அது நின்றுவிடும். நமது தலைப்பில் 'நேரியலல்லா' என்ற சொல் இப்படித்தான் நுழைந்தது.

இருவர் வெவ்வேறு இடங்களிலிருந்து திடலுக்கு வந்தால், வந்து சேர்ந்தபின் அவர்களுக்கிடையே உள்ள தொலைவு முன்பிருந்ததைவிடக் கூடுவதில்லை. இத்தகையதை 'விரிக்காச் சார்பு' எனலாம். தொலைவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உறுதியாகக் குறைப்பதாயிருந்தால் அது 'சுருக்கும் சார்பு'. பேராக் மாநிலத்தின் வரைபடம் ஒன்றைப் பீடோர்த் திடலில் விரித்துப் போட்டால், வரைபடத்தின் ஏதோ ஒரு புள்ளி, தான் குறிக்கும் நிலத்தின் மேலேயே சரியாகப் படிந்திருக்கும். ஒரே ஒரு புள்ளிதான். சுருக்கும் சார்புக்கு இப்படி ஒரு நிலைப்புள்ளி உண்டு என்றும், எங்கிருந்து தொடங்கி மீண்டும் மீண்டும் செய்தாலும் அங்கேயே போய்ச் சேரலாம் என்றும் மெய்ப்பித்தவர்தான் ஸ்தெஃபான் பனாக். 1920-இல் அளித்த ஆய்வேட்டில் அதனைச் செய்தார். 1922-இல் அது அச்சேறியது.

பனாக்கும் லுவோவ் நகரத்தவரே. அங்கே ஸ்காட்டியக் காப்பிக்கடை என்று ஒன்று இருந்தது. கணித அறிஞர்கள் அங்கே அமர்ந்து பேசி, தீராத கணக்குகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தனர். தீர்ப்பவருக்குப் பரிசும் எழுதுவதுண்டு. 1936-இல் மசூர் என்பவர் ஒரு கணக்குக்கு உயிருள்ள வாத்து ஒன்றைப் பரிசாக எழுதினார். 1972-இல் சுவீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ அதனைத் தீர்த்தார். மசூரும் சொன்ன சொல் தவறாமல் வார்சாவில் வாத்தைக் கொடுத்தார். 36 ஆண்டு நின்ற கணக்கு அது. வாத்துச் சூப்புக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில் இதைச் சொல்லாமல் போவதற்கில்லை.

மொழி மன்றத்துக்குரிய செய்தி வேறொன்று. பனாக் தமது புகழ்பெற்ற நூலை முதலில் 1931-இல் போலிய மொழியில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே பிரெஞ்சில் வெளியிட்டார். உலகம் படித்தது பிரெஞ்சு நூலை. பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதப் பாடநூல்களையும் அவர் போலிய மொழியில் எழுதினார். 1918-இல்தான் மீண்டும் நாடாகிய போலந்தில், தலைசிறந்த ஆய்வாளரே பள்ளிக்கூடத்துக்கு எழுதினார். நம்மில் அது நடக்கவில்லை. இதனைக் குறையாகச் சொல்லாமல் இருக்க நம்மால் முடியவில்லை.

கணக்குக்குத் திரும்புவோம். விரிக்காச் சார்பு, சுருக்கும் சார்பைப் போல அவ்வளவு நல்லது அன்று. வட்டத் திடலை நடுவைச் சுற்றிக் கால் வட்டம் திருப்பும் சார்பை எண்ணிப் பாருங்கள். நிலைப்புள்ளி நடுவே இருக்கிறது. ஆனால் ஓரத்தில் நிற்பவர் திரும்பத் திரும்பச் சுற்றிக் கொண்டே இருப்பார். நடுவுக்கு வரவே மாட்டார். 1955-இல் கிராஸ்னொசெல்ஸ்கி எளிய மருந்து ஒன்று சொன்னார். சார்பு அனுப்பும் இடத்துக்கு முழுவதும் போகாதே. நிற்கும் இடத்துக்கும் அனுப்பும் இடத்துக்கும் நடுவே நில். கால் வட்டத் திருப்பத்தில் இப்படிச் செய்தால் ஒவ்வோர் அடியிலும் நடுவிலிருந்து உள்ள தொலைவு ஏறக்குறைய 0.707 மடங்காகக் குறைந்து, சுருள் சுருளாக உள்ளே வந்துவிடலாம். சற்றே பொதுவான வடிவில் மான் என்பவர் 1953-இலேயே இத்தகைய சராசரி முறையை எழுதியிருந்தார்.

தாளின் மீது எல்லாம் சரியாக நடக்கிறது. முடிவிலாப் பரிமாணமுள்ள வெளியில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு படத்தில் 6,400 கட்டங்கள் என்றால் 6,400 பரிமாணங்கள். கட்டங்களே இல்லாத தொடர்ச்சியான உருவம் என்றால் பரிமாணங்களுக்கு முடிவே இல்லை. அங்கே 'போய்ச் சேர்தல்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு.

இதற்கு உவமை தேட நாம் தொலைவு போக வேண்டியதில்லை. பால்மரத் தோட்டத்தில் விடியுமுன் நெற்றிவிளக்கோடு நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். முடிவே இல்லாத ஒரு நிரையைக் கற்பனை செய்யுங்கள். விளக்கு ஒவ்வொரு மரமாகக் கடந்து போகிறது. எந்த ஒரு மரத்தினடியில் நீங்கள் நின்றாலும் சிறிது நேரத்தில் விளக்கு உங்களைக் கடந்துவிடும். பின்பு உங்களுக்கு இருட்டுத்தான். ஒவ்வொரு மரத்தினடியிலும் ஒருவரை நிறுத்தி, அவரவர் மரத்தில் ஒளி உண்டா என்று கேட்டால், ஒவ்வொருவரும் தத்தம் நேரத்துக்குப் பிறகு "அணைந்துவிட்டது" என்றே சொல்வார்கள். விளக்கோ அணையவில்லை. முன்பிருந்த அதே சுடரோடு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. தனித்தனிச் சாட்சிகளின் கணக்கில் இருட்டை நோக்கிச் செல்வதை 'மெல்லொருங்கல்' என்றும், சுடரே உண்மையில் குறைந்து அணைவதை 'வல்லொருங்கல்' என்றும் நாம் அழைக்க விரும்புகிறோம். வல்லினமும் மெல்லினமும் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாக இரா.

இரண்டு குவிவுக் கணங்களின் மீது மாறி மாறி வீழ்ந்தால் பொதுப் புள்ளியை நோக்கி மெல்லொருங்கல் உண்டு என்று 1965-இல் பிரெக்மன் நிறுவினார். வல்லொருங்கல் உண்டா? கணங்கள் நேரிய வெளிகளாயிருந்தால் உண்டு என்பது வான் நாய்மனின் பழைய முடிவு. பொதுவாக உண்டா என்ற கேள்வி 39 ஆண்டுகள் நின்றது. 2004-இல் ஹுண்டல் என்பவர், இல்லை என்று காட்டினார். நிரையில் நடந்துகொண்டே போகும் விளக்கைப் போல, பொதுப் புள்ளியை மெல்ல அணுகுவதாகத் தோன்றி உண்மையில் அணுகாத ஓர் அமைப்பை அவர் கட்டினார். சராசரி முறைக்கும் இதே குறை உண்டு என்பதை ஜெனலும் லிண்டன்ஸ்ட்ராஸும் 1975-இலேயே காட்டியிருந்தனர்.

இந்தக் குறையைப் போக்கிய எண்ணத்தையே நாம் இன்றைய உரையின் நடுப்பொருளாகக் கருதுகிறோம். அதன் வித்து 1968-இல் ஹொகசோ பாரிஸில் அளித்த ஆய்வேட்டில் உண்டு. நிலைப்புள்ளித் தேடலுக்கு அதனை 2003-இல் நக்காஜோ, தக்காஹாஷி என்ற சப்பானியர் இருவர் தெளிவாக வடித்தனர்.

எண்ணம் இதுதான். சாதாரண முறையில் ஒவ்வோர் அடியையும் இப்போது நிற்கும் இடத்திலிருந்து எடுத்து வைக்கிறோம். புறப்பட்ட இடம் மறந்துபோகிறது. புதிய முறையில் மறப்பதில்லை. இப்போது நிற்கும் புள்ளியிலிருந்து சராசரி அடி ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கிறோம். நிலைப்புள்ளி எதுவாயினும், அது பழைய இடத்தைவிடச் சோதித்த இடத்துக்குத் தொலைவாக இராது. ஆகவே, பழைய இடத்துக்கே அண்மையாக உள்ள பாதி வெளியை வெட்டி எறிந்துவிடலாம். புறப்பட்ட இடத்தையும் இப்போதைய இடத்தையும் வைத்து இன்னொரு வெட்டும் உண்டு, அதனை விரித்துரைக்கவில்லை. இரு வெட்டுக்கும் தப்பி எஞ்சிய பகுதியின் மீது வீழ்கிறோம். எங்கிருந்து? இப்போது நிற்கும் இடத்திலிருந்து அன்று; முதன்முதலில் புறப்பட்ட இடத்திலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் அதே பழைய வாசலிலிருந்து புதிதாக அளக்கிறோம்.

இதனால் புறப்பட்ட இடத்திலிருந்து உள்ள தொலைவு ஒருபோதும் குறையாது, ஏறிக்கொண்டே போகும். ஆனால் வாசலுக்கு மிக அண்மையான நிலைப்புள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளதோ அதனைத் தாண்டவும் முடியாது. ஏறுவதும் தாண்டாததுமாகிய அந்த எண்கள் ஓரிடத்தில் அடங்கித்தான் ஆக வேண்டும். அவை அடங்குவதால் புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. விளக்கு நிரையில் ஓடிப்போக இடமில்லை. வல்லொருங்கல் கிடைத்துவிடுகிறது, அதுவும் ஏதோ ஒரு நிலைப்புள்ளி அன்று, புறப்பட்ட இடத்துக்கு மிக அண்மையான நிலைப்புள்ளி.

இதுவரை சொன்ன முறைகளில் பெரும்பாலானவை ஹில்பர்ட் வெளிக்குரியவை. அங்கே கோணம் உண்டு; செங்குத்து என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. பனாக் வெளியில் நீளம் மட்டும் உண்டு, கோணம் இல்லை. மீண்டும் தோட்டத்துக்கே வருவோம். மரங்கள் கட்டம் கட்டமாக நடப்பட்டுள்ளன. நிரை வழியாகவும் குறுக்கு வழியாகவும் மட்டுமே நடக்க முடியும் என்க. அப்போது தொலைவு என்பது நெடுக்கில் நடந்ததும் குறுக்கில் நடந்ததும் சேர்ந்த கூட்டு. சாய்வாகச் செல்லும் ஒரு சாலையை அடைய வேண்டும். கிழக்கே 100 மரம் கடந்தாலும் சாலை. வடக்கே 100 மரம் கடந்தாலும் சாலை. கிழக்கே 40, வடக்கே 60 என்றாலும் சாலை. எல்லாம் ஒரே தொலைவு. அண்மைப் புள்ளி ஒன்றன்று. ஒரு நெடுந்துண்டே அண்மைப் புள்ளிகள். வீழல் எது என்று எப்படிச் சொல்வது?

வடிவம் சற்று நல்ல பனாக் வெளிகளில் அண்மைப் புள்ளி ஒன்றேதான். 1965-இல் பிரவுடர், கோடே, கிர்க் என்ற மூவரும் தனித்தனியே, ஒரே ஆண்டில், அத்தகைய வெளிகளில் விரிக்காச் சார்புக்கு நிலைப்புள்ளி உண்டு என்று நிறுவினர். எனினும் அங்கே வேறு தொல்லைகள். வீழலே தொலைவை விரித்துவிடக்கூடும். "இந்த இடத்தைவிட அந்த இடத்துக்கு அண்மையான புள்ளிகள்" என்று வெட்டி எடுத்த பகுதி குவிவாக இல்லாமல் போகக்கூடும். வெட்டி வெட்டித் தேடும் முறை அத்தோடு முடங்கிவிடும்.

இதற்கு ஆல்பர் 1996-இல் தந்த வழியை நாம் வியந்து பாராட்டுகிறோம். ஒவ்வொரு பனாக் வெளிக்கும் ஒரு துணை வெளி உண்டு. அதிலுள்ளவை இந்த வெளியை அளக்கும் கோல்கள். நல்ல வெளியில் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய ஒரு கோல் உண்டு. இரு புள்ளிகளின் தொலைவை நேரே அளக்காமல், முதற் புள்ளியின் நீளத்தின் இருபடி, இரண்டாம் புள்ளியின் நீளத்தின் இருபடி, இவற்றின் கூட்டிலிருந்து, இரண்டாம் புள்ளியின் கோலால் முதற் புள்ளியை அளந்ததன் இருமடங்கைக் கழித்தார். ஹில்பர்ட் வெளியில் இது தொலைவின் இருபடியேதான். பனாக் வெளியில் இது வேறு ஏதோ ஒன்று. முறைப்படி தொலைவுகூட அன்று, ஏனெனில் இங்கிருந்து அங்கே அளப்பதும் அங்கிருந்து இங்கே அளப்பதும் ஒத்திரா. ஆயினும் இரு இடங்களுக்கு எது அண்மை என்று இந்த அளவால் ஒப்பிடும்போது, தேடும் புள்ளியின் நீளத்தின் இருபடி இரு பக்கமும் வந்து அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சுவது நேரான வெட்டு. குவிவு காப்பாற்றப்பட்டது. இந்த அளவைக் கொண்டே 2005-இல் மட்சுஷிதாவும் தக்காஹாஷியும் வாசலிலிருந்து அளக்கும் முறையைப் பனாக் வெளிக்குக் கொண்டுவந்தனர்.

அதே 2005-இல் சென்னையிலிருந்து ஒரு செய்தி. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பி. வீரமணி, எல்ட்ரெட், மேலே சொன்ன கிர்க் ஆகியோர் இணைந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. இரண்டு கணங்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால் பொதுப் புள்ளி கிடையாது. ஒன்றிலுள்ளதை மற்றொன்றுக்கு அனுப்பும் சார்புக்கு நிலைப்புள்ளியும் கிடையாது. அப்போது என்ன தேடுவது? ஆற்றின் இரு கரைகளை எண்ணுங்கள். கரைகள் சேர மாட்டா. ஆனால் ஆறு மிகக் குறுகிய இடம் ஒன்று இருக்கலாம். அங்கே எதிரெதிரே நிற்கும் இரு புள்ளிகள் உண்டு. அத்தகைய இணைகளை நாடுவதே அவர்கள் கணக்கு. அடுத்த ஆண்டில் எல்ட்ரெடும் வீரமணியும் இக்கரைக்கும் அக்கரைக்கும் மாறி மாறி அனுப்பும் ஒருவகைச் சார்பை எடுத்துக்கொண்டு, நல்ல வடிவுள்ள பனாக் வெளியில் அதனை மீண்டும் மீண்டும் செய்தால் அந்தக் குறுகிய இடத்துக்கே வந்து சேரலாம் என்று மெய்ப்பித்தனர். சேராத கரைகளுக்கும் ஒரு விடை உண்டு என்ற இக்கருத்தைப் பின்பற்றித் தமிழ்நாட்டில் மேலும் பலர் எழுதியுள்ளனர்.

2005-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த ஏட்டின் பெயர் 'ஸ்தூதியா மாத்தமாத்திக்கா'. 1929-இல் பனாக்கும் ஸ்டைன்ஹவுஸும் லுவோவில் தொடங்கிய ஏடு அது.

அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அப்படித்தான் இருக்கும், கச்மாஷே தமது மூன்று பக்கங்களைச் செருமன் மொழியில்தான் எழுதினார். ஆய்வு உலகுக்கு எழுதப்படுவது. அதில் நமக்கு வழக்கு இல்லை. நமது வழக்கு, பள்ளிக்கும் ஆய்வுக்கும் இடையே உள்ள பாலத்தைப் பற்றியது. 2003-இல் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதம் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டது. 2009-இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்தது. 2016 முதல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் அந்தப் பேச்சு மீண்டும் நம்மிடையே எழுந்து, பெற்றோரும் ஆசிரியரும் இரு கரையாக நிற்கின்றனர். ஆங்கிலம் வேண்டும் என்போரின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. தம் பிள்ளை இடைநிலைப் பள்ளியில் திகைத்து நிற்கக் கூடாது என்ற கவலை நேர்மையானது. ஆனால் ஆறாம் ஆண்டுக்கு மேல் தமிழில் கணிதம் சொல்லவே இயலாது என்று சிலர் துணிந்து கூறும்போது, அவர்கள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூறுகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சொல்லிப் பார்த்தோம். சில இடங்களில் நாமும் தடுமாறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய கோலைக் காட்டும் சார்புக்கு இன்னும் நல்ல பெயர் அமையவில்லை; 'கோல்' என்பதையே வைத்துக்கொள்ளலாமா என்று எண்ணுகிறோம். நீளம் என்ற பழகிய சொல் பனாக் வெளிக்கும் போதுமா, தனிச்சொல் வேண்டுமா என்பதில் நம் குழுவினுள்ளேயே இரு கருத்து உண்டு. வல்லொருங்கல், மெல்லொருங்கல் என்பவற்றை மாற்ற வேண்டும் என்று தோன்றுவோர், வேறு சொல்லோடு வரும்படி வேண்டுகிறோம்.

கரும்பலகையில் கொய்யாக் கணக்கு நான்காம் வரியில் நிற்கிறது. ஆசிரியர்கள் விரும்பினால் தங்கள் வகுப்பில் ஐந்தாம் வரியிலிருந்து தொடரலாம்; கொய்யா 5.3439, பெத்தாய் 4.6561 என்று வர வேண்டும். இப்போது வினாக்களைக் கேட்போம்.